வீட்டில் பிபிஎஃப் ஒட்டுவது: எங்கே தொடங்கலாம், எங்கே கெடும்

காருக்கு பெயின்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம், சுருக்கமாக பிபிஎஃப், அதாவது பெயின்டைக் கல்லும் கீறலும் படாமல் காக்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் படலம், வீட்டிலேயே ஒட்ட முடியுமா? எந்த இடத்தில் என்பதைப் பொறுத்துத்தான் பதில். கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் நகம் கீறும் குழி, கதவின் விளிம்பு, ஏறி இறங்கும்போது செருப்பு உரசும் ‘சில்’ என்ற வாசல்படி, சாமான் ஏற்றும்போது அடிபடும் பின் பம்பரின் மேல்பரப்பு, ஹெட்லைட். இவ்வளவையும் பொறுமையுள்ள யாரும் போர்ட்டிகோவில் வைத்தே முடித்துவிடலாம். பானெட் கொஞ்சம் துணிச்சலான வேலை. இரண்டு பேர் வேண்டும், அரை நாள் போகும். முன் பம்பரை மட்டும் கடையில் கொடுத்துவிடுங்கள். எல்லாத் திசையிலும் வளைவு, நடுவில் ஃபாக் லேம்ப் பள்ளம், சென்சார் ஓட்டை, கிரில் ஓரம் என்று அதில் எல்லாமே சிக்கல். தொழில் தெரிந்தவர்களே ஃபிலிமை அதிகம் வீணாக்குவது அங்கேதான்.

மொபைலுக்கு டெம்பர்டு கிளாஸ் வைப்பது போல, வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை இது. பெயின்டையும் ஃபிலிமின் பசைப் பக்கத்தையும் நன்றாக நனைத்து, சோப்புத் தண்ணீரின் மேல் ஃபிலிமை மிதக்கவிட்டு, நகர்த்தி இடம் பார்த்து, பிறகு அந்தத் தண்ணீரை ஸ்குவீஜியால், அதாவது வழித்துத் தள்ளும் ரப்பர் பட்டையால், வெளியே தள்ள வேண்டும். தண்ணீர் வெளியேறிய இடத்தில்தான் பசை பிடிக்கும். நம் ஊரில் இந்த வேலையைக் கெடுப்பவை சூடு, தூசி, தண்ணீரில் இருக்கும் உப்பு, இந்த மூன்றும்தான். கை பழகாதது அதற்கு அப்புறம் வரும் பிரச்சினை.

ஃபிலிம் வாங்கும்போது

நல்ல பிபிஎஃப் என்பது டிபியு எனப்படும் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன். மொத்தத் தடிமன் பெரும்பாலும் 150 முதல் 215 மைக்ரான் வரை இருக்கும். கடைகளில் 6 மில், 8 மில் என்று சொல்வார்கள், 8 மில் என்றால் சுமார் 200 மைக்ரான். மேலே, லேசான கீறலைச் சூட்டில் தானே ஆற்றிக்கொள்ளும் மெல்லிய டாப் கோட். நடுவில் கல் தெறிப்பைத் தாங்கும் டிபியு. அடியில் அழுத்தத்தில் பிடிக்கும் அக்ரிலிக் பசை, அதைக் காக்க, ஒட்டும்போது உரித்தெடுக்கும் லைனர். வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டர் ரோட்டார் பிளேடுகளின் விளிம்பை மணலிலிருந்து காக்கப் பயன்பட்ட பாலியூரித்தேன் டேப்பின் வாரிசுதான் இது. அதனால் கல்லுக்கு இது தாங்கும், செராமிக் கோட்டிங் தாங்காது. செராமிக் கோட்டிங் தண்ணீரும் அழுக்கும் நிற்காமல் வழுக்கி ஓட உதவும், அவ்வளவுதான். இரண்டும் வேண்டுமென்றால் முதலில் பிபிஎஃப், அதன் மேல் செராமிக். வரிசையை மாற்றினால் வழுக்கும் பரப்பில் பசை பிடிக்காமல் ஓரங்கள் எழும்பும்.

சந்தையில் பிவிசி, டிபிஹெச் என்ற பெயர்களிலும் பிபிஎஃப் விற்கிறார்கள். டிபிஹெச் என்பதும் அடிப்படையில் வளைந்துகொடுக்க பிளாஸ்டிசைசர் சேர்த்த பிவிசி வகைதான். விலை குறைவு, ஆனால் வெயிலில் சீக்கிரம் விறைத்துப் பழுப்பேறும், கழற்றும்போது துண்டு துண்டாக வரும். கடையில் ஒரு சின்னத் துண்டு கேட்டு வாங்கிப் பாருங்கள். இரண்டு கையாலும் இழுத்தால் டிபியு ரப்பர் மாதிரி நீண்டு, விட்டதும் பெருமளவு பழைய அளவுக்குத் திரும்பும். பிவிசி இழுத்த இடத்தில் விறைத்து அப்படியே நிற்கும். பித்தளை பிரஷ்ஷால் லேசாகக் கீறி, அதன் மேல் நல்ல சூடான தண்ணீரை ஊற்றினால் டாப் கோட் உண்மையிலேயே ஆறுகிறதா என்பதும் தெரிந்துவிடும். டிபியுவிலும் ‘அலிஃபாட்டிக்’ வகைதானா என்று கேளுங்கள். ‘அரோமாட்டிக்’ வகை வெயில் பட்டால் மஞ்சளாகும். வெள்ளைக் காரில் அது பளிச்சென்று தெரியும்.

முழு ரோல் பொதுவாக 1.52 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம். கைப்பிடிக் குழிக்கும் கதவு விளிம்புக்கும் அதெல்லாம் தேவையே இல்லை. பெரிய வேலை முடித்த கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் கிடக்கும். கேட்டால் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். முதல் முறைக்கு அதுவே தாராளம். தேவையைப் போல ஒன்றரை மடங்கு வாங்கிக்கொள்ளுங்கள், முதல் துண்டு கெடும் என்பதைக் கணக்கில் வைத்தே. வாரன்டி விளம்பரத்தை நம்பி அதிக விலை கொடுக்க வேண்டாம். நிறுவனம் அங்கீகரித்தவர் ஒட்டினால்தான் பெரும்பாலான வாரன்டிகள் செல்லும். வீட்டில் ஒட்டினால் ஃபிலிமின் தரம் மட்டும்தான் உங்களுக்கு மிச்சம்.

எங்கே ஒட்டவே கூடாது

பம்பர் ஓரத்திலும் வீல் வளைவிலும் இருக்கும் பெயின்ட் அடிக்காத, சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கில் இது நிற்காது. பார்க்கிங் சென்சாரின் முகத்தை மூடினால் தப்பான எச்சரிக்கை வரும். அதைச் சுற்றி வெட்டிவிட வேண்டும். ரேடார் உள்ள கார்களில் லோகோவுக்குப் பின்னால் ரேடார் இருக்கலாம், அங்கேயும் வேண்டாம்.

டிங்கரிங் முடிந்து மறுபெயின்ட் அடித்த பேனலில்தான் பெரிய ஆபத்து. ஃபிலிமை ஒருமுறை தூக்கி மறுபடி வைக்கும்போதோ, பிற்காலத்தில் கழற்றும்போதோ, சரியாகப் பிடிக்காத பெயின்ட் பசையோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். பழைய கார் வாங்கியவர்கள் பெயின்ட் தடிமன் மீட்டர் இருக்கும் கடையில் ஒருமுறை பார்த்துக்கொள்வது உத்தமம். கம்பெனி பெயின்ட் பொதுவாக 90 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும். ஒரு பேனல் மட்டும் 200-ஐத் தாண்டிக் காட்டினால் அது மறுபெயின்ட் என்று எடுத்துக்கொள்ளலாம். புதிதாக அடித்த பெயின்டுக்கு ஒரு மாதமாவது அவகாசம் கொடுங்கள். பெயின்ட் பூத்தில் சூடேற்றாமல் காற்றில் காயவிட்டது என்றால் இரண்டு மூன்று மாதம். உள்ளிருந்து கரைப்பான் ஆவி வெளியேறிக்கொண்டே இருந்தால் ஃபிலிமுக்கு அடியில் குமிழாகச் சேரும்.

தண்ணீரும் சூடும்

போர்வெல் தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றாதீர்கள். அதில் இருக்கும் உப்பு ஃபிலிமுக்கு அடியில் காய்ந்து, ஈரம் போன பிறகும் புள்ளிப் புள்ளியாக நிற்கும். பேட்டரி கடையில் கேனாகக் கிடைக்கும் டிஸ்டில்ட் வாட்டர் வாங்குங்கள். சின்ன வேலைக்கு 2 லிட்டர் போதும், பானெட்டுக்கு 5 லிட்டர். அது கிடைக்காத ஊரில் ஆர்ஓ தண்ணீர் பரவாயில்லை.

இரண்டு கரைசல் வேண்டும். ஒன்று ஸ்லிப், அதாவது வழுக்கும் தண்ணீர்: 1 லிட்டருக்கு வாசனையும் கண்டிஷனரும் அதிகம் இல்லாத பேபி ஷாம்பூ 8 முதல் 10 துளி. விரல் நுனியில் தேய்த்தால் வழுக்க வேண்டும், நுரை பொங்கக் கூடாது. ஷாம்பூ அதிகமானால் ஃபிலிம் எங்கும் நிற்காமல் ஓடும், ஓரத்தில் சோப்பு தங்கி, சில வாரம் கழித்து அங்கே எழும்பும். மற்றொன்று டேக், பிடிப்புத் தண்ணீர்: 750 மில்லி தண்ணீரில் 250 மில்லி ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் (ஐபிஏ), ஷாம்பூ ஒரு துளிகூட இல்லாமல். 70 சதவீத ஐபிஏ கையில் இருந்தால் 350 மில்லி அதோடு 650 மில்லி தண்ணீர் என்று கணக்கு. கையில் தேய்க்கும் சானிடைசரை ஊற்றிவிடாதீர்கள். அதில் கிளிசரின் மாதிரியான பொருட்கள் இருக்கும், பசை பிடிக்காது. ஃபிலிம் நிறுவனம் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள், ஒவ்வொரு பசைக்கும் குணம் வேறு.

ஸ்லிப் பசையைத் தற்காலிகமாக மழுங்கடித்து வைக்கிறது. டேக் அந்தச் சோப்பைக் கழுவிவிட்டு ஆவியாகி, பசையை உடனே விழிக்க வைக்கிறது. ஃபிலிம் நகர வேண்டிய இடத்தில் ஸ்லிப், நிற்க வேண்டிய இடத்தில் டேக். வெயில் காலத்தில் ஷாம்பூவை இரண்டு மூன்று துளி கூட்டி, ஆல்கஹாலை 15 சதவீதத்துக்கு இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் டேக் அடித்த அடுத்த நொடியே பிடித்துக்கொள்ளும், திருத்த நேரம் கிடைக்காது.

பேனலின் சூடு 20 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் வேலை சுகம். சித்திரை, வைகாசியில் மதிய வெயிலில் நின்ற கறுப்பு பானெட் 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அதில் தண்ணீர் அடித்த கையோடு காய்ந்துவிடும். முந்தின நாள் மாலையே காரை நிழலில் விட்டு, விடிந்ததும் தொடங்கி ஒன்பது, ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள். உள்ளங்கையைப் பேனலில் வைத்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தாலே காத்திருங்கள். எஞ்சின் சூட்டோடு பானெட்டைத் தொடவே வேண்டாம். மழைக்காலத்தில் தூசி குறைவு என்பது லாபம், ஆனால் காய இரண்டு மடங்கு நாள் பிடிக்கும்.

தூசிக்கு வழி: தரையில் தண்ணீர் தெளித்து ஈரமாக வைப்பது, ஃபேனை நிறுத்துவது, நார் உதிரும் பழைய டவலையும் கம்பளி மாதிரித் துணியையும் அந்தப் பக்கமே கொண்டுவராமல் இருப்பது. லைனரை உரிக்கும்போது ஃபிலிமில் மின்னேற்றம் வந்து காற்றில் இருக்கும் தூசியையெல்லாம் இழுக்கும். உரிக்க உரிக்க ஸ்லிப் அடித்துக்கொண்டே போனால் அது அடங்கும். வேப்பமரத்தடி நிழல் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மேலிருந்து விழும் பூவும் பூச்சியும் நேராகப் பசையில்தான் உட்காரும்.

கழுவுவதில் பாதி வேலை

ஃபிலிமுக்கு அடியில் ஒரு மணல் துகள் இருந்தாலும் கூடாரம் மாதிரி தூக்கிக்கொண்டு, அதைச் சுற்றி வட்டமாகத் தெரியும். முதலில் சாதாரண ஷாம்பூவால் கழுவி, தார் புள்ளிகளைத் தார் நீக்கியால் எடுத்து, இரும்புத் தூளைக் கரைக்கும் அயர்ன் ரிமூவர் அடித்து, பிறகு ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் கட்டியான கிளே பார் போட்டுத் தேய்க்க வேண்டும். பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு பேனலைத் தடவினால் வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பும் தெரியும். கடைசியாக ஐபிஏவும் தண்ணீரும் சம அளவில் கலந்து, மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள்.

ஷோரூமிலிருந்து புதிதாக வந்த கார்தானே என்று இதைத் தவிர்க்காதீர்கள். டெலிவரிக்கு முன் வாக்ஸோ ‘டெஃப்லான் கோட்டிங்’ என்ற பெயரில் ஏதோ ஒன்றோ போட்டிருப்பார்கள். அதை எடுக்காவிட்டால் பசை நிற்காது. கவனம் அதிகம் வேண்டியது ஓரங்களில். ஃபிலிம் மடங்கிப் பிடிக்க வேண்டிய கதவின் உள்விளிம்பிலும் பானெட்டின் அடிவிளிம்பிலும் கிரீஸும் பழைய வாக்ஸும் ஒளிந்திருக்கும். நடுவை மூன்று முறை துடைத்துவிட்டு ஓரத்தை ஒருமுறை துடைப்பவர்களுக்குத்தான் ஒரு மாதத்தில் ஓரம் எழும்புகிறது.

ஹெட்லைட் ஏற்கெனவே மஞ்சளேறியிருந்தால் முதலில் பாலிஷ் போட்டுத் தெளிவாக்குங்கள். ஃபிலிம் மஞ்சளை மறைக்காது, உள்ளே பூட்டி வைக்கும். பெயின்டில் இருக்கும் சுழல் கீறலுக்கும் அதேதான்.

கருவிகள் பெரிதாக ஒன்றும் வேண்டாம். கையால் பம்ப் செய்து அழுத்தும் ஸ்ப்ரேயர் இரண்டு, அடையாளத்துக்கு ஒன்றில் சிவப்பு டேப். மென்மையான ரப்பர் ஸ்குவீஜி ஒன்று, ஓரத்துக்குக் கொஞ்சம் கடினமான சின்னது ஒன்று. ஸ்டிக்கர் கடை, சன் ஃபிலிம் கடைகளில் கிடைக்கும். 9 மில்லிமீட்டர் கட்டர், 30 டிகிரி கூர்முனை பிளேடு ஒரு பாக்கெட். ஹேர் டிரையர். டார்ச் லைட். ஹீட் கன் வேண்டாம் என்பதே எங்கள் கட்சி: பழகாத கையில் அது ஃபிலிமைச் சில நொடிகளில் பொசுக்கிவிடும், தவிர ஆல்கஹால் ஸ்ப்ரே அடித்த இடத்தில் அதைக் கொண்டுபோனால் தீப்பிடிக்கும். ஹேர் டிரையரைக்கூட ஆல்கஹால் உலர்ந்த பிறகே எடுங்கள். கதவு மூடிய கராஜில் ஐபிஏவோடு வேலை செய்யாதீர்கள்.

சில்லில் தொடங்குங்கள்

கதவு திறந்தால் கீழே தெரியும் பெயின்ட் அடித்த சில் அநேகமாகத் தட்டையானது. பழக அதைவிட நல்ல இடம் இல்லை. அளவெடுத்து, மேசையில் லைனரோடு வைத்து வெட்டுங்கள். மூலைகளைக் கூராக விடாமல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வட்டமாக வெட்டிவிடுங்கள். கூர்மூலைதான் முதலில் எழும்பி அழுக்குப் பிடிக்கும். பேனலில் ஸ்லிப் அடியுங்கள், பசைப் பக்கத்திலும் அடியுங்கள், விரல்களிலும் அடியுங்கள். உலர்ந்த விரல் பசையில் பட்டால் ரேகை பதிந்து அப்படியே தெரியும். வைத்து, நகர்த்தி, நேராக்கி, நடுவில் ஸ்குவீஜியால் ஒரு இழுப்பு இழுத்து நங்கூரம் போட்டுவிட்டு, அங்கிருந்து இரு பக்கமும் தள்ளிக்கொண்டு போங்கள். ஃபிலிமின் மேல்பக்கமும் ஈரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்குவீஜி தட்டித் தட்டி கீறல் போடும். ஒவ்வொரு இழுப்பும் முந்தினதன் பாதியை மூட வேண்டும்.

பின் பம்பரின் மேல்பரப்பும் இதே முறைதான். அகலம் 10 முதல் 15 சென்டிமீட்டர், நீளம் டிக்கி வாசல் அளவு. லேசான வளைவு இருப்பதால் நடுவிலிருந்து வெளியே போகப் போக ஃபிலிமைச் சற்றே இழுத்துப் பிடிக்க வேண்டும். கதவு விளிம்புக்கு 2 சென்டிமீட்டர் அகலப் பட்டை போதும். பாதி வெளியே, பாதி மடித்து உள்ளே. வெளிப்பக்கத்தை முதலில் முழுக்க ஒட்டி, பத்து நிமிடம் விட்டு, பிறகு உள்ளே மடியுங்கள். ஒரே மூச்சில் மடித்தால் இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

கைப்பிடிக் குழி பார்க்கச் சின்னதாக இருந்தாலும் சில்லைவிடக் கஷ்டம். குழிவான பரப்பில் இழுத்துப் பதித்த ஃபிலிம் நேராகத் திரும்பப் பார்க்கும், நடுவில் தூக்கிக்கொள்ளும். அதனால் நடுவை முதலில் டேக் அடித்துப் பிடிக்க வைத்துவிட்டு, அங்கிருந்து மேல்நோக்கி ஏற வேண்டும். இழுக்காமல் உள்ளே ஊட்டுவது மாதிரி. ஓரத்தில் மடிப்பு சேரும். அதை ஹேர் டிரையரில் லேசாகச் சூடாக்கி, கட்டைவிரலால் வெளியே பரப்பினால் அடங்கிவிடும். ரெடிமேடாக வெட்டி விற்கும் நான்கு துண்டு செட் இதற்கு வசதி, ஆனால் உங்கள் மாடலுக்கு என்று வெட்டியதா என்று பாருங்கள்; பொது அளவு என்று வருவது பெரும்பாலும் சின்னதாகவே இருக்கும்.

பானெட்

பாதி பானெட்டுக்கு மட்டும் ஒட்டினால் ஃபிலிம் மிச்சம்தான். ஆனால் குறுக்கே ஓடும் வெட்டுக்கோட்டில் அழுக்கு சேர்ந்து ஒரு மாதத்தில் கறுப்புக் கோடு விழும். ஒட்டினால் முழுசாக ஒட்டுங்கள்.

1.52 மீட்டர் அகலம் பெரும்பாலான கார்களின் பானெட்டைக் குறுக்கே மூடும். அளவெடுத்து எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் கூட்டி வெட்டிக்கொள்ளுங்கள். வாஷர் நாசில் பானெட்டின் மேலே இருந்தால் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். பானெட்டின் நடுக்கோட்டையும் ஃபிலிமின் நடுவையும் மாஸ்கிங் டேப்பால் அடையாளம் செய்யுங்கள். உரிப்பதற்கு முன் லைனரோடு ஒருமுறை பானெட்டில் விரித்துப் பார்த்தால் எந்தப் பக்கம் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது தெரியும்.

லைனரை உரிக்க ஒருவர் இரண்டு மூலையைப் பிடிக்க வேண்டும், மற்றவர் லைனரை இழுத்தபடி ஸ்லிப் அடிக்க வேண்டும். பசைப் பக்கம் தன்னோடு தானே ஒட்டிக்கொண்டால் பதற வேண்டாம்; அந்த இடத்தில் ஸ்லிப் ஊற்றி மெதுவாகப் பிரித்தால் வந்துவிடும். பானெட் முழுக்கத் தண்ணீர் ஓடும் அளவுக்கு அடித்துவிட்டு, நான்கு மூலையும் பிடித்து மெதுவாக இறக்குங்கள். இப்போது ஃபிலிம் மிதக்கும். அவசரப்பட்டு ஸ்குவீஜியைத் தொடாமல் நடுக்கோடுகளைச் சேர்த்து, அடியில் தூசி தெரிகிறதா என்று டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மாட்டியிருந்தால் தூக்கிக் கழுவிவிட இதுதான் சமயம்.

நடுவில் பின்னாலிருந்து முன்னால் ஒரு நீண்ட இழுப்பு. இது நங்கூரம். பிறகு ஒருவர் பக்கவாட்டில் ஓரத்தை மெல்லத் தூக்கிச் சற்றே இழுத்துப் பிடிக்க, மற்றவர் நடுவிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு போக வேண்டும். பானெட்டில் மேடான கோடுகள் இருந்தால் கோட்டின் மேலேயே முதலில் இழுத்துவிட்டு, பிறகு இரு பக்கமும் இறங்குங்கள்; கோட்டுக்குக் குறுக்கே இழுத்தால் அதன் அடிவாரத்தில் தண்ணீர் மாட்டிக்கொள்ளும். ஓரத்தில் 3 சென்டிமீட்டர் வரும்போது நிறுத்திவிடுங்கள்.

வழியில் விரல் விரலாக மடிப்பு எழும்பும். அதை ஸ்குவீஜியால் நசுக்கினால் நிரந்தரமாக மடிந்துவிடும். பக்கத்து ஓரத்திலிருந்து ஃபிலிமைத் தூக்கி, ஸ்லிப் அடித்து, மடிப்பு ஓடும் திசையிலேயே இழுத்தால் அது கரையும். தூக்கும்போது நிறுத்தி நிறுத்தித் தூக்காதீர்கள். நிறுத்திய ஒவ்வொரு இடத்திலும் பசையில் ஒரு கோடு விழும். ஒரே சீராக, மெதுவாகத் தூக்க வேண்டும். மூலை வளைவில் ஃபிலிம் போதவில்லை என்று பலமாக இழுத்தால் வெள்ளி நிறத்தில் மெல்லிய வரிகள் தோன்றும், அவை போகாது. இழுப்பை ஒரே இடத்தில் குவிக்காமல் பெரிய பரப்புக்குப் பகிர்ந்துவிட வேண்டும். லேசான சூடு இதற்கு உதவும்.

நடுப்பகுதி பிடித்ததும் அரை மணி நேரம் விடுங்கள். பிறகு ஓரம். மிச்சத்தில் 6 முதல் 8 மில்லிமீட்டர் மட்டும் உள்ளே மடியும்படி விட்டு மீதியை வெட்ட வேண்டும். இங்கேதான் பெயின்ட் மாட்டும். வெளிப்பரப்பில் வைத்து எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். கட்டர் பெயின்டின் மேலுள்ள கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டால் தகடு வரை காயம். கடற்கரை ஊர்களில் அங்கிருந்துதான் துரு தொடங்கும். பானெட்டைத் திறந்து, அடிப்பக்கம் தொங்கும் ஃபிலிமைக் கையால் விலக்கிப் பிடித்து, காற்றில் வைத்து வெட்டுங்கள். ஒவ்வொரு நீள வெட்டுக்கும் பிளேடின் ஒரு கண்ணியை உடைத்துவிடுங்கள். மழுங்கிய பிளேடுதான் அழுத்தச் சொல்லும், அழுத்தினால்தான் ஆழமாக இறங்கும். மூலையில் ஒரு சின்ன நேர்வெட்டு கொடுத்தால் இரண்டு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் மடியும். மடித்த இடத்தில் டேக் அடித்து, சோப்பைக் கழுவித் தள்ளி, உலர்ந்த பிறகு ஹேர் டிரையரால் சூடாக்கி, கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மடிக்க இடமில்லாத ஓரத்தில் விளிம்புக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர் முன்னாலேயே ஃபிலிம் முடியட்டும். விளிம்பைத் தொட்டு நின்றால் தண்ணீர் பீய்ச்சும்போது முதலில் தூக்குவது அந்த இடம்தான்.

முடிந்த பிறகு தெரியும் குறைகள்

மறுநாள் காலையில் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் பலவும் கண்ணில் படும். எல்லாவற்றுக்கும் பதற வேண்டாம். பால் மாதிரி மங்கலாக இருப்பது பசையில் தங்கிய ஈரம். சில நாளில் போகும். அழுத்தினால் நகரும் சின்னக் குமிழ் தண்ணீர், அதுவும் இரண்டு மூன்று வாரத்தில் ஃபிலிம் வழியாகவே ஆவியாகிவிடும். அழுத்தினால் அமுங்கித் திரும்ப எழும்புவது காற்று, தானாகப் போகாது. மெல்லிய இன்சுலின் ஊசியைப் படுக்கைவாட்டில் சாய்த்துக் குத்தி விரலால் தள்ளினால் அடங்கும், தழும்பும் பெரிதாகத் தெரியாது. நடுவில் கறுப்புப் புள்ளியோடு நிற்கும் குமிழ் தூசி. ஓரத்துக்கு அருகில் இருந்தால் தூக்கிக் கழுவலாம். நடுவில் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு புள்ளிக்காக முழுப் பானெட்டையும் தூக்கினால் ஐந்து புள்ளி சேரும்.

ஓரம் எழும்பினால் அன்றைக்கே கவனியுங்கள். உள்ளே மண் போகுமுன் டேக் அடித்துக் கழுவி, உலர்த்தி, சூடாக்கி அழுத்தினால் பெரும்பாலும் பிடிக்கும். மண் ஒட்டிவிட்டால் அந்த மில்லிமீட்டரை வெட்டியெடுப்பதுதான் வழி. ஒரே ஓரம் திரும்பத் திரும்ப எழும்பினால் அங்கே ஃபிலிம் அதிகம் இழுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். பசையைக் குறை சொல்லிப் பயனில்லை. வளைவுக்குச் சற்று முன்னால் இருந்து தூக்கி, இழுப்பைத் தளர்த்தி மறுபடி வைக்க வேண்டும்.

இரண்டு நாள் மழையில் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு வாரம் கழுவ வேண்டாம். அதற்குப் பிறகு வழக்கம் போல pH சமநிலை ஷாம்பூவே போதும். வாட்டர் சர்வீஸில் தண்ணீர் பீய்ச்சும் கன்னை ஓரத்துக்கு நேராகப் பிடிக்கவிடாதீர்கள். இரண்டு அடி தள்ளி, மேலிருந்து கீழாக அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் கலந்த பாலிஷ் எதுவும் ஆகாது. காக்கை எச்சத்தையும் மரப் பிசினையும் அன்றன்றைக்கே நனைத்து எடுங்கள். டாப் கோட்டில் கறை ஏறினால் கீறல் மாதிரி தானே ஆறாது.

ஃபிலிம் பழுப்பேறினாலோ, ஓரம் முழுக்க வெடிக்கத் தொடங்கினாலோ கழற்றிவிடுங்கள், இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம் என்று விட்டுவைத்தால் பசை இறுகிக்கொண்டே போகும். வெயிலில் அரை மணி நேரம் நிறுத்தி, ஒரு மூலையை ஹேர் டிரையரால் சூடாக்கித் தூக்கி, பேனலோடு படுத்தவாக்கில் மெதுவாக இழுங்கள். செங்குத்தாக மேலே இழுத்தால் மறுபெயின்ட் அடித்த இடத்தில் பெயின்டும் கூட வரும். மிஞ்சிய பசையைத் தார் நீக்கியால் ஊறவைத்து மைக்ரோஃபைபரால் உருட்டி எடுங்கள். தின்னரை மட்டும் பெயின்டின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.